ஜென்கின்ஸும் ஜாயிண்ட் கஸ்டடியும்

வழக்கமா இங்கே வட்டி, வரி, நாமினேஷன், ஊர் வீட்டுப் பத்திரம்னு எழுதுவேன். இந்தத் தடவை சர்வர் பத்தி. பி.காம். படிச்ச பேங்க் ஆபீசருக்கு சர்வர்ல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? எனக்குத் தெரிஞ்ச சர்வர் ரெண்டு இட்லி ஒரு வடை கொண்டு வர்றவர்தான் :-) ஆனா 2024 ஜூலை 31-ஆம் தேதி நடந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும்னா இந்த சர்வரையும் தெரிஞ்சுக்காம முடியாது. அதுல நம்ம எல்லார் வீட்டுப் பணமும் இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. காபியோட உக்காருங்க.

முதல்ல இடம் சொல்லிடறேன். நான் இருக்கறது பெங்களூரு விவேக் நகர். குழந்தை இயேசு கோயில் இருக்கற அதே விவேக் நகர்தான். ஒரு பக்கம் ஆஸ்டின் டவுன், நீலசந்திரா; இன்னொரு பக்கம் ஈஜிபுரா, கோரமங்கலா. தெருவுல இறங்கினா காய்கறிக்காரர்ல இருந்து அயர்ன் வண்டிக்காரர் வரைக்கும் தமிழ் கேக்கும். காலைல கழுத்துல டேக் மாட்டிக்கிட்டு கேபுக்கு நிக்கற பசங்கள்லயும் பாதிப் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம். பிள்ளைங்களுக்குச் சம்பளம் வர்றது பெரிய பேங்க்ல. ஊர்ல இருக்கற அம்மா அப்பாவுக்குக் கணக்கு பல பேருக்குக் கூட்டுறவு வங்கியில, இல்லேன்னா கிராம வங்கியில. நகைக்கடனும் பயிர்க்கடனும் அங்கேதான். மேனேஜருக்கு அப்பாவோட பேர் தெரியும். அதனால அதை யாரும் மாத்த மாட்டாங்க, மாத்தவும் வேண்டாம்.

இப்போ மேட்டருக்கு வருவோம்.

2024 ஜூலை 31 சாயங்காலம் என்.பி.சி.ஐ. ஒரு அறிக்கை விட்டாங்க. யூ.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ்., ரூபே கார்டு எல்லாத்தையும் நடத்தற நிறுவனம் அது. சி-எட்ஜ் டெக்னாலஜிஸ்ங்கற நிறுவனம் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு ஆளாகியிருக்கலாம், அதனால அவங்களை எங்க பேமெண்ட் அமைப்புல இருந்து தற்காலிகமாத் துண்டிச்சு வெச்சிருக்கோம், அவங்க சேவையை வாங்கற வங்கிகளோட வாடிக்கையாளர்கள் அதுவரைக்கும் பேமெண்ட் சேவைகளைப் பயன்படுத்த முடியாது. இதுதான் சாரம். சி-எட்ஜ் யாருன்னா, டி.சி.எஸ்ஸும் ஸ்டேட் பேங்கும் சேர்ந்து ஆரம்பிச்ச கூட்டு நிறுவனம். பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார கிராம வங்கிகளுக்கும் கோர் பேங்கிங் நடத்திக் கொடுக்கறவங்க. கிட்டத்தட்ட 300 சின்ன வங்கிகள் பாதிக்கப்பட்டதாச் செய்தி வந்தது. மறுநாள், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பாதுகாப்புச் சோதனை முடிச்சு திரும்ப இணைச்சாங்க.

நாடு முழுக்க நடக்கற மொத்த பேமெண்ட்ல இந்த வங்கிகளோட பங்கு அரை சதவீதம் அளவுதான்னு அப்போ எழுதினாங்க. அரை சதவீதம்னு பேப்பர்ல படிக்கச் சின்னதாத்தான் தெரியும். ஆனா தேதியைப் பாருங்க. மாசக் கடைசியும் மாச முதல் தேதியும். பென்ஷன் விழற நேரம், சம்பளம் வந்ததும் பிள்ளைங்க வீட்டுக்கு அனுப்பற நேரம். அந்த வங்கியில ஒரே ஒரு கணக்கு வெச்சிருக்கற ஆளுக்கு அது அரை சதவீதம் இல்லை, நூறு சதவீதம்.

ஏன் 300 வங்கி ஒரே நேரத்துல படுத்துச்சு? இதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சர்வர் இருந்தது. கண்ணாடித் தடுப்பு, தனி ஏ.சி., செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ளே போகணும். கிளை மேனேஜருக்குக் கூட ஃபேன்தான், சர்வருக்கு ஏ.சி. சாயங்காலம் டே-எண்ட் ஓட்டி, டேப்புல பேக்கப் எடுத்து, ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு, அந்த டேப்பை வேற இடத்துல பத்திரப்படுத்தணும். அந்தக் கிளையோட கணக்கு அந்தக் கிளைக்குள்ளேதான். திருவண்ணாமலைல கணக்கு வெச்சிருக்கறவர் பெங்களூருல பணம் எடுக்க முடியாது. ஊருக்குப் பணம் அனுப்பணும்னா டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துத் தபால்ல போடணும், இல்லேன்னா மணியார்டர்.

அப்புறம் கோர் பேங்கிங் வந்தது. எல்லாக் கிளைக் கணக்கும் ஒரே டேட்டா சென்டருக்குப் போச்சு. ஆர்.டி.ஜி.எஸ். 2004-ல, நெஃப்ட் 2005-ல, ஐ.எம்.பி.எஸ். 2010-ல, யூ.பி.ஐ. 2016-ல. புலம் பெயர்ந்து வந்தவங்களுக்கு இதை விடப் பெரிய வரம் கிடையாது. கணக்கு நம்ம கூடவே ஊர் ஊரா வர ஆரம்பிச்சது.

பெரிய வங்கி சொந்தமா டேட்டா சென்டர் கட்டிக்கும். பத்துக் கிளை வெச்சிருக்கற நகரக் கூட்டுறவு வங்கி என்ன பண்ணும்? வாடகைக்கு எடுக்கும். தனி வீடு கட்ட முடியாதவங்க அபார்ட்மெண்ட்ல குடி போற மாதிரி. செலவு குறையும், லிஃப்ட் இருக்கும், வாட்ச்மேன் இருப்பார். ஆனா வாட்ச்மேன் தூங்கினா எல்லா ஃப்ளாட்டுக்கும் ஆபத்து. 300 வங்கிக் கதை இதுதான்.

சரி, திருடன் எப்படி உள்ளே வந்தான்?

பெங்களூருல இருக்கற க்ளவுட்செக்ங்கற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கொஞ்ச நாள்ல ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டாங்க. அதன்படி தாக்கினது ரேன்சம்-எக்ஸ்எக்ஸ்ங்கற கும்பல். உள்ளே நுழைஞ்சது சி-எட்ஜோட வாசல் வழியாக் கூட இல்லை. அவங்களோட சேர்ந்து வேலை செய்யற ப்ராண்டூ டெக்னாலஜி சொல்யூஷன்ஸ்ங்கற இன்னொரு நிறுவனத்துல சரியா அமைக்கப்படாம இருந்த ஒரு ஜென்கின்ஸ் சர்வர் வழியா. வங்கிக்கு வெண்டர், வெண்டருக்கு ஒரு வெண்டர், அவங்க ஆபீஸ்ல ஒரு மூலைல ஓடற சர்வர்.

இந்த ஜென்கின்ஸ் யாருன்னு தெரிஞ்சுக்க மாடி வீட்டுத் தம்பியைப் பிடிச்சேன். அவனுக்கு வேலையே அதுதான்.

"அது ஒரு சாஃப்ட்வேர் அண்ணா. நாங்க பத்துப் பதினஞ்சு பேர் கோடு எழுதுவோம். எழுதினதை எல்லாம் சேர்த்து, பில்டு பண்ணி, டெஸ்ட் ஓட்டி, எல்லாம் சரியா இருந்தா கொண்டு போய் ஓடற சர்வர்ல வைக்கும். முன்னாடி ராத்திரி முழிச்சு கையால பண்ணுவாங்க. இப்போ அது பார்த்துக்கும். பிரவுசர்ல திறந்தா பச்சை வந்திருக்கா சிவப்பு வந்திருக்கான்னு தெரியும்."

"எங்க டே-எண்ட் மாதிரி."

"அப்படியே வெச்சுக்கங்க. அதோட படத்தைப் பார்த்திருக்கீங்களா? வில் டை கட்டி, கையில துண்டு போட்டுக்கிட்டு நிக்கற பட்லர்."

"பட்லர் வீடு முழுக்கப் போவாரே. சாவி எல்லாம் அவர்கிட்டயா இருக்கு?"

தம்பி சிரிச்சான். "அதுதான் அண்ணா விஷயமே. கோடு இருக்கற இடத்துக்கு ஒரு சாவி, டேட்டாபேசுக்கு ஒரு பாஸ்வேர்டு, ப்ரொடக்‌ஷன் சர்வருக்கு ஒரு சாவி. எல்லாம் அதுக்கிட்ட கொடுத்தாத்தான் அது வேலை செய்ய முடியும்."

கொஞ்சம் வரலாறு. ஜப்பான்காரரான கோசுகே கவாகுச்சி சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பார்த்தப்போ 2004 வாக்குல எழுத ஆரம்பிச்சது இது. அப்போ பேரு ஹட்சன். 2010-ல சன்னை ஆரக்கிள் வாங்கினாங்க, பேர் யாருக்குச் சொந்தம்னு தகராறு வந்தது, 2011-ல பேரை ஜென்கின்ஸ்னு மாத்திக்கிட்டாங்க. இலவசம், யார் வேணும்னாலும் இறக்கிப் போட்டுக்கலாம். வழக்கமா 8080-ங்கற கதவு நம்பர்ல திறக்கும். உலகம் முழுக்க சாஃப்ட்வேர் கம்பெனிகள்ல ஓடுது.

2024 ஜனவரி 24-ஆம் தேதி ஜென்கின்ஸ்காரங்களே ஒரு எச்சரிக்கை வெளியிட்டாங்க. ஓட்டை நம்பர் சிவிஇ-2024-23897. தம்பி சொன்னதை என் பாஷையில சொல்றேன். ஜென்கின்ஸுக்கு வெளியில இருந்து கட்டளை அனுப்பற வசதி ஒண்ணு இருக்கு. அந்தக் கட்டளையில அட் குறி, அதாவது மின்னஞ்சல் முகவரில போடற @, போட்டு பக்கத்துல ஒரு கோப்போட பேரை எழுதினா, அந்தப் பேருக்குப் பதிலா கோப்புக்குள்ளே இருக்கறதை எடுத்து வெச்சுக்கும். எழுதினவங்க வசதிக்காக வெச்சது. ஆனா உள்ளே நுழைய அனுமதி இல்லாத ஆள் கூட இப்படிக் கேட்டா முதல் சில வரிகளைப் படிச்சிடலாம். சாதாரண பார்வையாளர் அனுமதி இருந்தா முழுக் கோப்பையும் படிக்கலாம். அந்தக் கோப்புல சாவி இருந்தா?

கவுண்டர்ல வந்து ஒருத்தர், "சார், செலான்ல என் பேர் எழுதற இடத்துல உங்க சாவி ரிஜிஸ்டர்ல மூணாம் பக்கம்னு எழுதியிருக்கேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க"ன்னு கேக்கறார். கிளார்க்கும் எந்தக் கேள்வியும் கேக்காம எடுத்துப் படிக்கறார். அவ்வளவுதான் இந்த ஓட்டை.

எச்சரிக்கை வந்த அன்னைக்கே திருத்தின பதிப்பும் வந்துடுச்சு. காசு கிடையாது. உடனே மாத்த முடியாதவங்க அந்தக் கட்டளை வசதியை அணைச்சு வைங்கன்னும் சொன்னாங்க. ஜனவரி 24-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் எண்ணினா 189 நாள். அமெரிக்க அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு, நிஜமாவே தாக்குதலுக்குப் பயன்படற ஓட்டைகள்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. அதுல இது சேர்ந்தது 2024 ஆகஸ்ட்ல.

"ஏம்ப்பா, இலவசமாக் குடுத்த பூட்டை மாத்தறதுக்கு என்ன?"ன்னு தம்பியைக் கேட்டேன். அவன் பதில் நியாயமாத்தான் இருந்தது.

"அண்ணா, ஜென்கின்ஸ்ல ஆயிரத்துக்கும் மேல பிளக்-இன் இருக்கு. மெயினை மாத்தினா ஏதாவது ஒண்ணு உடையும். உடைஞ்சா அன்னைக்கு ரிலீஸ் நிக்கும், மேனேஜர் என்னைத்தான் கேப்பார். மாத்தாம விட்டா யாரும் கேக்க மாட்டாங்க, எதாவது ஆகற வரைக்கும். அதுவும் இல்லாம நிறைய இடத்துல அதைப் போட்டவர் எப்பவோ வேலையை விட்டுப் போயிருப்பார். சர்வர் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். தொட பயம்."

இந்தக் கடைசி வரிதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க உலகத்துல இது நடக்கவே விடாத விஷயம்.

வங்கில ஸ்ட்ராங் ரூம் சாவி ஒருத்தர்கிட்ட இருக்காது. ரெண்டு சாவி, ரெண்டு பேர். இதுக்குத்தான் ஜாயிண்ட் கஸ்டடின்னு பேர். காஷியர் மட்டும் போனாலும் திறக்காது, ஆபீசர் மட்டும் போனாலும் திறக்காது. ஒருத்தர் லீவு போட்டா சாவி யார்கிட்ட கை மாறுதுன்னு ரிஜிஸ்டர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். டிரான்ஸ்ஃபர் ஆனா சாவியை ஒப்படைக்காம ரிலீவ் பண்ண மாட்டாங்க. டூப்ளிகேட் சாவி இந்தக் கிளையிலயே இருக்காது, வேற இடத்துல சீல் வெச்சு இருக்கும். சில சமயம் எரிச்சலா இருக்கும். சாவி வெச்சிருக்கறவர் பொண்ணுக்குக் காய்ச்சல்னாலும் காலைல வந்து திறந்துட்டுத்தான் போகணும். இந்த வழக்கம் எல்லாம் யாரோ எங்கேயோ பணத்தை இழந்த பிறகு எழுதினதுதான்.

அன்னைக்கு ராத்திரி தம்பியும் நானும் உக்காந்து எங்க ஊர் விதியை அவங்க ஊர் பாஷைக்கு மாத்திப் பார்த்தோம். அஞ்சு கேள்வி வந்தது.

1. சாவி ரிஜிஸ்டர் இருக்கா? இந்த சர்வருக்குள்ளே எந்தெந்தப் பாஸ்வேர்டு இருக்கு, யார் போட்டது, கடைசியா எப்போ மாத்தினது? எழுதி வெச்ச இடம் எது?

2. கதவு தெருவைப் பார்த்துத் திறக்குதா? 8080-ஐ உலகத்துல யார் வேணும்னாலும் தட்டலாமா, இல்லே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ளே இருக்கறவங்க மட்டுமா? பேர் சொல்லாம வர்றவங்களுக்குப் பார்வையாளர் அனுமதி இருக்கா?

3. ஸ்ட்ராங் ரூம்ல கேண்டீன் நடக்குதா? ஜென்கின்ஸோட முக்கிய மெஷின்லயே பில்டு ஓட்டக் கூடாது, அதுக்குத் தனி மெஷின் வைக்கணும்கறது அவங்க கையேட்டுலயே இருக்கற அறிவுரை. சாவி இருக்கற அறையில ஊர்ப்பட்ட பேர் எழுதின கோடை ஓட்ட விட்டா என்ன ஆகும்?

4. பேக்கப் எடுத்தோம்னு கையெழுத்து இருக்கு. அதைத் திரும்ப ஏத்திப் பார்த்தோம்னு கையெழுத்து இருக்கா? ரேன்சம்வேர் நெட்வொர்க்ல எட்டற பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டிடும். அன்னைக்கு நாங்க எடுத்துப் போய் வேற இடத்துல வெச்ச டேப்புக்கு அதனால எட்ட முடிஞ்சிருக்காது.

5. போட்டவர் போயிட்டா யாருக்குச் சொந்தம்? ஒப்படைப்புக் கடிதம் எங்கே?

அஞ்சாவது கேள்விக்கு மட்டும் தம்பி ரொம்ப நேரம் பதில் சொல்லலை.

இதெல்லாம் ஏதோ வடநாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. நம்ம கும்பகோணத்துல தலைமையகம் வெச்சிருக்கற சிட்டி யூனியன் பேங்க்ல 2018 பிப்ரவரியில ஸ்விஃப்ட் அமைப்புக்குள்ளே புகுந்து மூணு பரிவர்த்தனையில கிட்டத்தட்ட 20 லட்சம் டாலரை வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்த்தாங்க. காலைல கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தப்போதான், அதாவது ரீகன்சிலியேஷன்லதான், வெளியே வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட்ல புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில 94 கோடி ரூபா போச்சு. போலி கார்டு வெச்சு 28 நாடுகள்ல ஏ.டி.எம்.ல உருவினாங்க, மீதியை ஸ்விஃப்ட் மூலமா ஹாங்காங்குக்கு அனுப்பினாங்க. கார்டு சரியான்னு வங்கியைக் கேக்கற இடத்துல நடுவுல ஒரு போலி சர்வரை வெச்சு, எதைக் கேட்டாலும் "சரி, குடு"ன்னு சொல்ல வெச்சதுதான் சூத்திரம். வங்கிக் கொள்ளைன்னா சுவத்துல ஓட்டை போடறதுன்னு இருந்த காலம் போயிடுச்சு.

ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரல்ல ஐ.டி. வேலைகளை வெளியில கொடுக்கறது பத்தி ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க. சாரம் என்னன்னா, வேலையை வெளியில கொடுக்கலாம், பொறுப்பை வெளியில கொடுக்க முடியாது. ரொம்ப சரி. ஆனா சின்ன நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது. பொருந்தினாலும், பத்துக் கிளை வங்கியோட மேனேஜர் தன்னோட வெண்டருக்கு வெண்டர் யாருன்னு எப்படிப் பார்ப்பார்? அவருக்கு ஆள் இல்லை, பணம் இல்லை, கேட்டா பதில் வாங்கற பலமும் இல்லை. அதனால அந்த இடத்துல நிஜமாக் காவல் நிக்கறது, அந்த சர்வரைப் பார்த்துக்கற இருபத்தஞ்சு வயசுப் பையனோ பொண்ணோதான். நம்ம தெருவுல டேக் மாட்டிக்கிட்டு கேபுக்கு நிக்கறாங்களே, அவங்க.

வீட்டுக்காரங்களுக்கு நான் சொல்ற நாலு விஷயம்:

ஒண்ணு, அம்மா அப்பாவுக்கு ஒரே வங்கியில மட்டும் கணக்கு வைக்காதீங்க. கூட்டுறவு வங்கிக் கணக்கு இருக்கட்டும். பக்கத்துல வேற ஒரு வங்கியில அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒண்ணும் இருக்கட்டும். ஒரு மாச மருந்துச் செலவுக்கு அதுல பணம் போட்டு வைங்க. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு இருக்கும்.

ரெண்டு, யூ.பி.ஐ.ல உங்க கணக்குல பணம் கழிஞ்சு அந்தப் பக்கம் சேரலைன்னா பதறி மறுபடி மறுபடி அனுப்பாதீங்க. ரிசர்வ் வங்கியோட 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பினது அடுத்த நாளுக்குள்ளேயும், கடைக்குக் கொடுத்தது அஞ்சு நாளுக்குள்ளேயும் தானாத் திரும்பி வரணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு. பரிவர்த்தனை நம்பரைக் குறிச்சு வைங்க.

மூணு, இந்திய வங்கிகள் தங்களோட இணைய முகவரியை 2025 அக்டோபர் 31-க்குள்ளே டாட் பேங்க் டாட் இன்னுக்கு மாத்தணும்னு ரிசர்வ் வங்கி அந்த வருஷம் ஏப்ரல்ல உத்தரவு போட்டாங்க. ஹைதராபாத்துல இருக்கற ஐ.டி.ஆர்.பி.டி. மூலமா வங்கிகளுக்கு மட்டும்தான் அந்த முகவரி கிடைக்கும். அதனால முகவரியோட முடிவுல அது இருக்கான்னு பார்க்க அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்க. நடுவுல இருந்தா செல்லாது, முடிவுல இருக்கணும்.

நாலு, இந்த மாதிரி செய்தி வந்த உடனே "உங்க பேங்க் ஹேக் ஆயிடுச்சு, பணத்தைப் பாதுகாக்க ஓ.டி.பி. சொல்லுங்க"ன்னு போன் வரும். வரும்னு முன்னாடியே வீட்டுல சொல்லி வைங்க. எந்த வங்கியும் அப்படிக் கேக்காது.

டேக் மாட்டின பிள்ளைங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. உங்க ஆபீஸ்ல "இது யார் போட்டதுன்னு தெரியலை, ஓடுது, தொடாதீங்க"ன்னு ஒரு சர்வர் இருந்தா, திங்கக்கிழமை காலைல அதுக்கு ஒரு சொந்தக்காரரைக் கேளுங்க. மெயில்ல கேளுங்க, வாய்ல கேக்காதீங்க. எழுத்துல இருந்தாத்தான் நாளைக்கு உங்களுக்கும் காப்பு. அந்த சர்வரோட இன்னொரு முனையில எந்த ஊர்ப் பாட்டியோட பென்ஷன் இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தம்பி அவங்க ஆபீஸ்ல ஒரு சாவி ரிஜிஸ்டர் ஆரம்பிச்சிருக்கான். எக்செல் ஷீட்தான். பதினேழு வரி வந்திருக்காம். அதுல நாலுக்குச் சொந்தக்காரர் பேர் இன்னும் காலி. அதைக் கண்டுபிடிக்கற வரைக்கும் லீவு கேக்க மாட்டேன்கறான். வங்கிக்காரன் சகவாசம் :-)

டிஸ்கி: இங்கே எழுதினது என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கற வங்கிக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.